கண்ணகி நகர்ல கடை வச்சிருக்கறவங்களுக்கும் ஒரு லைசென்ஸ் பேப்பர் குடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் பக்கம் வேலைவாய்ப்பு முகாம் நடந்தா உங்க பேப்பர்ல போட்டோவோட செய்தி வருது, சந்தோஷம்தான், வேணாம்னு சொல்லல. ஆனா அந்த செய்தியில எப்பவும் ஒரே மாதிரி ஆளுதான், டிப்ளமோ முடிச்ச பையன் இல்ல டிகிரி முடிச்ச பொண்ணு, கையில ஒரு ஆர்டர், பக்கத்துல ஒரு அதிகாரி. அந்தப் புள்ளைங்கள அவங்க அம்மா எத வித்து படிக்க வச்சாங்கன்னு யாரும் எழுத மாட்றாங்க. எங்க தெருவுல பாதி வீடு ஏதாவது வித்துதான் ஓடுது, இட்லி, பூ, மீன், நைட்டி, கருவாடு, மசால் வடை. அந்த யாவாரத்தப் பத்திதான் இந்த லெட்டர், கொஞ்சம் நீளமாயிடும், வெட்டிப் போடறதுன்னா கடைசி பாதிய மட்டும் வெட்டாதீங்க.

முதல்ல எங்க ஊரப் பத்தி. 1970-ல குடிசை மாற்று வாரியம் ஆரம்பிச்சப்ப, குடிசை இருந்த எடத்துலயே இல்ல அதுக்குப் பக்கத்துலயே மாடி வீடு கட்டிக் குடுத்தாங்க, அந்தக் காலத்து ஹவுசிங் போர்டு வீடுங்க இன்னிக்கும் சிட்டிக்குள்ள நிக்குது, "ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம்"னு எழுதினதோட. அதனால மீன் விக்கிறவங்க மீன் வித்தாங்க, லோடு தூக்கறவங்க லோடு தூக்கினாங்க, வீடு மாறிச்சு பொழப்பு மாறல. 2000-க்கு அப்புறம்தான் எங்கள மாதிரி ஆத்தோரம் ரோட்டோரம் இருந்தவங்கள மொத்தமா லாரியில ஏத்தி ஓ.எம்.ஆர். (பழைய மகாபலிபுரம் ரோடு) பக்கம் கொண்டாந்து எறக்கினது. 2004 சுனாமிக்கு அப்புறம் கடலோரத்து ஜனம் வந்துச்சு, 2015 வெள்ளத்துக்கு அப்புறம் கூவம், அடையாறு கரை ஜனம் பெரும்பாக்கத்துக்குப் போச்சு. 2021-ல வாரியத்துக்கே நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம்னு பேரு மாத்திட்டாங்க.

கண்ணகி நகர்ல மட்டும் 15,000 வீட்டுக்கு மேல இருக்கு. வீட்டுக்கு நாலு பேருன்னு வச்சாலே 60,000 பேரு, நம்ம ஊர்ல இதவிட சின்ன டவுனுக்கெல்லாம் பஸ் ஸ்டாண்டு, தினசரி மார்க்கெட்டு, வாரச் சந்தை எல்லாம் இருக்கு. இங்க வீடு வீடு வீடு, வரிசையா வீடு, அவ்ளோதான் பிளான். ஒரு வீட்டுக்கு பால், காய், டிபன், மளிகைன்னு நாளைக்கு 200 ரூபா செலவாவுதுன்னு சும்மா ஒரு கணக்குக்கு போட்டுப் பாருங்க, 30 லட்ச ரூபா ஆவுது சார், ஒரு நாளைக்கு! ஏழை ஜனம் ஏழை ஜனம்னு சொல்றாங்க, இவ்ளோ காசு தினமும் எங்க கை வழியாதான் போவுது, ஆனா அதுல பெரும் பங்கு துரைப்பாக்கம் மெயின் ரோட்டு கடைங்களுக்கும் சூப்பர் மார்க்கெட்டுக்கும் போயிடுது, உள்ள சுத்தறது கம்மி.

கடையே இல்லன்னு சொல்லல. தெருவுக்குத் தெரு இருக்கு, கீழ் வீட்டு ஜன்னலே பொட்டிக்கடை, படிக்கட்டுக்குக் கீழ இஸ்திரி டேபிள், மூலைக்கு மூலை அடுப்பு. நானும் அப்படித்தான் டிபன் கடை வச்சிருக்கேன். சிந்தாதிரிப்பேட்டையில எங்க அம்மா வச்சிருந்த கடைதான் ஒரு வகையில, அங்க விடியறதுக்குள்ள மீன் மார்க்கெட்டு ஆளுங்களும் பிரஸ்ல நைட் ஷிப்ட் முடிச்சவங்களும் வந்து சட்டிய காலி பண்ணிட்டுப் போயிடுவாங்க. இங்க கூட்டம் வேற, ஐ.டி. கம்பெனியில ஹவுஸ்கீப்பிங் போற பொம்பளைங்க, செக்யூரிட்டி ஆளுங்க, அபார்ட்மெண்டுல வீட்டு வேலைக்குப் போறவங்க, எல்லாம் ஆறு மணி ஷிப்டு புடிக்க ஓடறவங்க, அவங்களுக்கு நாலு இட்லி பார்சல், சட்னி தனியா கட்டிக் குடுக்கணும், சில்லறை பாக்கி வைக்காம. யாவாரம் ஆவுது, பொய் சொல்லக் கூடாது. பிரச்சனை என்னன்னா எங்க யாரு கடைக்கும் லைசென்ஸ், சர்டிபிகேட்னு ஒரு பேப்பர் கிடையாது.

பேப்பர் இல்லன்னா என்ன ஆவும்னு வெளிய இருக்கறவங்களுக்கு வெளங்காது, அதனால சொல்றேன். ஒரு நாள் யாராவது வந்து எடத்த காலி பண்ணுன்னு சொன்னா காலி பண்ணணும், டேபிள தூக்கிட்டுப் போனா போனதுதான், ரசீது கூட கிடையாது. கிரைண்டர் பெருசா ஒண்ணு வாங்கலாம்னு லோனுக்குப் போனா கடை எங்க இருக்கு, எத்தன வருஷமா, லைசென்ஸ் இருக்கான்னு கேப்பாங்க, சரி வீட்டுப் பேப்பர காட்டலாம்னா எங்கள்ல நெறைய பேருகிட்ட இருக்கறது ஒதுக்கீட்டு ஆணைதான், கிரயப் பத்திரம் இல்ல. நான் போன ஒரு பேங்குல அட்ரஸ பாத்ததும் அந்த மேடம் பாரத்த அப்படியே திருப்பி என் பக்கம் தள்ளிட்டாங்க, மேனேஜர் லீவுன்னு சொன்னாங்க, மேனேஜர் பின்னாடி கண்ணாடி ரூம்ல உக்காந்துதான் இருந்தாரு. எந்த பேங்குன்னு எழுதல, எழுதி என்ன ஆவப் போவுது.

அப்புறம் எங்க போறது, தண்டல்தான். தண்டல் எப்படின்னு சொல்றேன், 10,000 ரூபான்னு பேசுவாங்க, கையில 8,500 தான் குடுப்பாங்க, 1,500-ஐ முன்னாடியே புடிச்சுப்பாங்க, மறுநாள்லேர்ந்து தினம் 100 ரூபா, 100 நாளைக்கு. கேக்கறப்ப சாதாரணமாதான் தெரியும், தினம் 100 ரூபாதானேன்னு. வாங்கின 8,500-க்கு மூணு மாசம் சொச்சத்துல 1,500 வட்டி, அதாவது நூத்துக்கு பதினேழு ரூபாய்க்கு மேல, அதுவும் முதல் நாள்லேர்ந்தே அசல் கொறஞ்சுகிட்டே வருது, ஆனா வட்டி கொறையல, அப்ப நெஜமான வட்டி இதுக்கும் ரெண்டு மடங்கு கிட்ட போயிடும். மழைக்கு ஒரு நாலு நாள் கடை போடலன்னா அந்த 100 ரூபாய கட்ட இன்னொரு ஆளுகிட்ட தண்டல், அத அடைக்க குழு லோனு. கஷ்டப்பட்டு யாவாரம் பண்றவ லாபத்துல ஒரு பங்கு தினமும் பைக்குல வந்து நிக்கிற ஆளுகிட்ட போயிட்டே இருக்கு, அந்தாளையும் தப்பு சொல்ல முடியாது, கேட்டவுடனே குடுக்கறது அவன் ஒருத்தன்தான்.

இதுக்கு புதுசா சட்டம் போடுங்கன்னு கேக்கல, சட்டம் இருக்கு. 2014-லயே தெரு வியாபாரிகள் சட்டம் வந்தாச்சு. யாரு எங்க விக்கிறாங்கன்னு அஞ்சு வருஷத்துக்கு ஒரு தடவையாவது கணக்கெடுக்கணும், கணக்கெடுத்து சர்டிபிகேட் குடுக்கற வரைக்கும் யாரையும் தூக்கக் கூடாது, தெரு யாவாரத்தப் பாத்துக்கற நகர விற்பனைக் குழுவுல 40 சதவீதமாவது வியாபாரிங்களே தேர்தல்ல ஜெயிச்சு உக்காரணும், எல்லாம் அதுலயே இருக்கு. 2020-ல கொரோனா டைம்ல தெரு வியாபாரிங்களுக்கு 10,000 ரூபா பேங்கு லோன் திட்டம் ஒண்ணு மத்திய அரசு கொண்டாந்துச்சு, அதுக்கும் அந்த சர்டிபிகேட்டோ சிபாரிசு லெட்டரோதான் கேட்டாங்க. அதே 10,000 ரூபாதான் சார், தண்டல்ல வாங்கறதும் அதேதான், அந்த சர்டிபிகேட் அட்டை இருக்கறவளுக்கும் இல்லாதவளுக்கும் நடுவுல அவ்ளோ வித்தியாசம். ஆனா கணக்கெடுக்கறவங்க மெயின் ரோடு, மார்க்கெட்டு, கோயில் வாசல்னு பாத்துட்டுப் போயிடறாங்க, குடியிருப்புக்குள்ள விக்கிறதெல்லாம் யாவாரம்னே யாரும் நெனைக்கறதில்ல போல.

அரசாங்கம் எதுவுமே பண்ணலன்னு யாராவது சொன்னா நான் சண்டைக்குப் போவேன். 2021 மே மாசத்துலேர்ந்து பொம்பளைங்களுக்கு டவுன் பஸ்ஸுல டிக்கெட் இல்ல, வீட்டு வேலைக்கு அடையாறு வரைக்கும் போறவங்களுக்கு அது மாசத்துல எவ்ளோ மிச்சம்னு அவங்களத்தான் கேக்கணும். ஸ்கூல்ல காலைச் சாப்பாடு போடறாங்க, 2023 செப்டம்பர்லேர்ந்து உரிமைத் தொகை 1,000 ரூபா வருது, எங்க குடியிருப்புல அந்தப் பணம் வந்த அன்னிக்கு மளிகைக் கடை பாக்கி எறங்கறத நானே பாக்கறேன். ஆனா இதெல்லாம் வீட்டுச் செலவுக்கு ஒத்தாசை, யாவாரத்துக்கு முதல் கெடையாது.

2020-ல எங்க சுவத்துல எல்லாம் பெரிய பெரிய ஓவியமா வரைஞ்சாங்க, நெஜமாவே அழகா இருக்கு, வெளியூர் ஆளுங்க கேமராவோட வந்து போட்டோ எடுத்துகிட்டுப் போனாங்க. வந்தவங்க ஒரு டீ குடிக்க, வடை சாப்பிட, ஒரு ஞாபகத்துக்கு ஏதாவது வாங்கிட்டுப் போக அங்க ரெண்டு கடைக்கு எடம் ஒதுக்கியிருந்தா என்னவாம்? 2025-ல எங்க கண்ணகி நகர் பொண்ணு கார்த்திகா பஹ்ரைன்ல ஆசிய இளைஞர் போட்டியில கபடி டீமோட தங்கம் ஜெயிச்சுட்டு வந்தப்ப ஊரே அவ பின்னாடி நின்னுச்சு, டி.வி.காரங்க முதல் தடவையா எங்க ஏரியா பேர நல்ல விஷயத்துக்கு சொன்னாங்க. அட்ரஸ் மேல இருக்கற கறை அப்படி கொஞ்சம் கொஞ்சமா போவட்டும், நல்லதுதான், ஆனா பேங்கு கவுண்டருக்கு அந்த நியூஸ் இன்னும் வந்து சேரல.

நான் கேக்கறது இதுதான். மாநகராட்சி எங்க குடியிருப்புக்குள்ள தெருத்தெருவா, விடிகாலையில ஒரு தடவ சாயங்காலம் ஒரு தடவ, கணக்கெடுக்க வரணும். பகல் பதினோரு மணிக்கு வந்தா ஒரு அடுப்பு கூட எரியாது, யாருமே இல்லன்னு எழுதிட்டுப் போயிடுவாங்க. கணக்கெடுத்து அட்டை குடுக்கணும், அட்டை பொம்பளைங்க பேர்லயே இருக்கணும், ஏன்னா அடுப்பு முன்னாடி நிக்கிறது அவங்கதான். காலி எடத்துல கூரை போட்டு தண்ணி, லைட்டு, ஒரு பாத்ரூமோட மார்க்கெட்டு கட்டி, நாள் வாடகைக்கு விடணும், பெரிய அட்வான்ஸ் கேட்டா அது மறுபடியும் வெளியாளுங்க கைக்குத்தான் போவும்.

இன்னொண்ணு, இது அவசரம். மாதவரத்துலேர்ந்து சிறுசேரி சிப்காட் வரைக்கும் மெட்ரோ ஓ.எம்.ஆர்.ல எங்க வாசல் வழியாத்தான் வருது, தூணெல்லாம் நட்டாச்சு. ஸ்டேஷன் தெறந்தா காலையில சாயங்காலம் ஆயிரக்கணக்குல ஆளு எறங்கி ஏறுவாங்க, அங்க உள்ள கடைங்கள எல்லாம் மொத்தமா டெண்டர் விட்டாங்கன்னா கம்பெனிங்க தவிர ஒருத்தரும் எடுக்க முடியாது. துரைப்பாக்கம் பக்கத்து ஸ்டேஷன்கள்ல சின்ன கடைங்கள்ல ஒரு பங்கு எங்க மகளிர் குழுக்களுக்குன்னு டெண்டருக்கு முன்னாடியே எழுதி வைக்கணும், டெண்டர் வந்தப்புறம் மனு குடுத்து பிரயோஜனம் இல்ல. உங்க நிருபர் யாராவது மெட்ரோ ஆபீஸ்ல, மாநகராட்சியில இத ஒரு வார்த்தை கேட்டு என்ன சொன்னாங்கன்னு உங்க பேப்பர்ல போட்டா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
டிபன் கடை நடத்தும் வாசகி,
கண்ணகி நகர், சென்னை.