கருமந்திக் கணக்குக்குக் காது கொடுத்தவர்களுக்கு

வால்பாறைப் பக்கம் நாங்கள் நடத்திய கருமந்திக் (கருங்குரங்கு என்றும் சொல்வார்கள்) கணக்கெடுப்பு முடிந்துவிட்டது. அறிக்கையில் நன்றி சொல்ல நான்கு வரிதான் இடம் கொடுத்தார்கள். பட்ட கடனுக்கு அது போதாது, அதனால் இந்த மடல்.

விடியற்காலையில் கருமந்திக் கடுவன் அடித்தொண்டையிலிருந்து 'ஹூ, ஹூ' என்று கூப்பிடும். பக்கத்துக் கூட்டத்துக் கடுவன் பதில் கொடுக்கும். (கடுவன் என்றால் ஆண் குரங்கு, மந்தி என்றால் பெண் குரங்கு. பெயர் அவளுக்கு, சத்தமெல்லாம் இவனுக்கு.) பதிவு செய்த குரலை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுக் காத்திருந்தால், சோலைக்குள் கண்ணில் படாத கடுவனும் வாயைத் திறக்கும். இரண்டு மூன்று இடங்களில் நிற்பவர்கள் குரல் வந்த திசையைக் குறித்துக்கொண்டால், வரைபடத்தில் கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் கூட்டம் இருக்கிறது. ஒரு கூட்டத்துக்குப் பெரும்பாலும் ஒரே கடுவன்தான் என்பதால் குரலை எண்ணிக் கூட்டத்தை எண்ணலாம். காகிதத்தில் அவ்வளவு சுலபம்.

முதல் வாரம் ஒரு பதிலும் வரவில்லை. பொள்ளாச்சியில் மைக்செட் கடை வைத்திருக்கும் அண்ணன்தான் காரணம் சொன்னார்: "இந்தக் குட்டி ஸ்பீக்கர்ல கீழ்க்கட்டைச் சத்தமே வரலீங்க தம்பி, குரங்குக்கு எப்படிக் கேக்கும்?" தன் கடையிலிருந்தே பெரிய பெட்டி ஒன்றைக் கொடுத்தார். மழையில் நனைந்து இரண்டு முறை கெட்டது. இரண்டு முறையும் காசு வாங்காமல் சரிசெய்தார். நாற்பது கொண்டை ஊசி வளைவுகளிலும் அந்தப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வந்த கண்டக்டர் அண்ணனுக்கும் நன்றி.

அனுமதி கொடுத்த வன அலுவலர் ஐயா ஒரு நிபந்தனை போட்டார்: ஒரு இடத்தில் ஒரு காலைக்கு ஒரு தடவைதான். அன்று எரிச்சலாக இருந்தது. எல்லைக்குள் வேற்றுக் கடுவன் புகுந்துவிட்டது என்று பதறி ஓடிவரும் விலங்கைப் பார்த்த பிறகுதான் அவர் சொன்னது புரிந்தது.

அதிகம் கடன்பட்டது எங்களோடு நடந்த, காடர் பழங்குடியைச் சேர்ந்த வனக் காவலர் அண்ணனுக்கு. மூன்றாவது வாரம் ஒரே சரிவில் நான்கு கூட்டம் என்று நான் பெருமையாக எழுதிக்கொண்டிருந்தேன். அவர் சிரித்தார். "நாலு இல்ல, ஒண்ணுதான். பெட்டி பின்னாடியே வருது." கேட்டுப் பார்த்தால் உண்மைதான், நாங்கள் இடம் மாறும்போதெல்லாம் அந்தக் கடுவனும் கூடவே நகர்ந்திருக்கிறது. அதன் தொண்டையில் ஒரு கரகரப்பு உண்டு, அதை வைத்தே கண்டுபிடித்தாராம். அன்றிரவு பழைய தாள்களையெல்லாம் எடுத்துத் திருத்தினோம். எண்ணிக்கை குறைந்தது. எனக்கு வருத்தம், அவருக்கு நிம்மதி.

அப்புறம், தேயிலை பறிக்கும் அக்காமார். தோட்டங்களுக்கு நடுவே சிக்கியிருக்கும் சிறு சோலை ஒன்றில் மூன்று நாள் பெட்டி போட்டும் பதில் இல்லை. 'இல்லை' என்று எழுதப் போனேன். "தினமும் கொழுந்து எடுக்கும்போது கேக்குதே, யாரு இல்லைன்னா?" என்றார் ஒருவர். லேகியத்துக்காகக் கருங்குரங்கைச் சுட்ட காலம் ஒன்று இருந்தது. அப்படி வேட்டை நடந்த காட்டில் கடுவன் சட்டென்று வாய் திறக்காது என்றார் காவலர் அண்ணன். பெட்டியை விடுதியிலேயே விட்டுவிட்டு, அந்த அக்கா காட்டிய பாறையில் அட்டைக் கடியோடு சும்மா உட்கார்ந்தோம். இரண்டாம் நாள் காலை கேட்டது. அந்தச் சோலை இப்போது அறிக்கையில் இருக்கிறது.

விடிவதற்கு முன்பே எழுந்து கட்டஞ்சாயா போட்டுக் கொடுத்த விடுதி அம்மாவுக்கும் என் வணக்கம்.

பெட்டியை மைக்செட் அண்ணனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டேன். அடுத்து ஏதோ கோயில் நோம்பிக்குப் போகிறதாம். உள்ளே இருந்த கருமந்திக் குரலை அழித்துவிட்டுத்தான் கொடுத்தேன்; வால்பாறைப் பக்கம் சுற்றுலா வருகிற யார் கையிலும் அது சிக்கக் கூடாது.