அந்த அரைப்பக்கத்துக்கு மேலே ‘விளம்பரம்’ என்று போட்டிருக்கலாமே

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இணைப்பில் நாய் வளர்ப்போருக்காக அரைப்பக்கம் ஒதுக்கியிருந்தீர்கள். மனிதக் காதுக்குக் கேளாத ஒலியை எழுப்பும் பெட்டி ஒன்றைச் சுவரில் மாட்டினால், எப்பேர்ப்பட்ட நாயும் ஒரு கிழமையில் குரைப்பை விட்டுவிடுமாம். தொலைபேசி இலக்கம் இருந்தது, வீட்டுக்கே கொண்டுவந்து தரும் வசதி இருந்தது. எழுதியவர் பெயரைத்தான் காணவில்லை.

அந்தப் பெட்டி எங்கள் ஒழுங்கைக்கு எப்போதோ வந்து போய்விட்டது. பக்கத்து வளவு நாயைப் பகல் முழுக்க மாமரத்தில் சங்கிலியால் கட்டியிருப்பார்கள். இரவில் கோட்டைப் பக்கத்து மான்கள் வேலியோரம் மேய வரும். திருகோணமலையில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அதைப் பார்த்துக் குரைக்காவிட்டால் அது என்ன நாய்? பெட்டி மாட்டிய புதிதில் காதை மடித்துக்கொண்டு மூலைக்குப் போனது உண்மைதான். பிறகு, கோயில் ஒலிபெருக்கிக்கு நாங்கள் பழகியதுபோல அதுவும் பழகிவிட்டது. எங்கள் காது 20,000 ஹேர்ட்ஸோடு நின்றுவிடும். நாய்க்குச் சுமார் 45,000 வரை கேட்கும். ஆகவே சத்தமில்லாத கருவி என்று நீங்கள் எழுதியது வாங்குபவருக்கு மட்டும்தான் பொருந்தும்.

அடுத்து, அவர்களுடைய மகன் வெளிநாட்டிலிருந்து கழுத்துப்பட்டி ஒன்று அனுப்பினார். குரைத்தால் ஷொக் அடிக்கும். வேல்ஸில் 2010ஆம் ஆண்டிலேயே தடை செய்த சாமான் இது. அந்த நாய் அதிகம் குரைப்பது தபால்காரரைக் கண்டுதான். அவர் படலையடியில் நிற்கும்போதெல்லாம் கழுத்தில் வலி. வலியைக் கொண்டுவருகிறவர் அவர்தான் என்று நாய் முடிவு கட்டிவிட்டது. உறுமினாலும் வலி என்பதால் உறுமலையும் விட்டது. ஒரு நாள் சத்தமே போடாமல் போய்க் கெண்டைக்காலைக் கவ்வியது. அந்த மனிதர் ஆஸ்பத்திரிக்கு ஊசிக்கு அலைந்தார், இவர்கள் நாய்க்கு விசர் இருக்கிறதா என்று 14 நாள் கட்டிவைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். குரைப்பு நின்றது என்றும் இதைச் சொல்லலாம், உங்கள் கட்டுரையாளர் சொல்லக்கூடும்.

குரைப்பு குறைய வேண்டுமென்றால், குட்டியாக இருக்கும்போதே, மூன்றாம் கிழமையிலிருந்து பதினான்காம் கிழமைக்குள், ஆட்களையும் சத்தங்களையும் பயமில்லாமல் காட்டிப் பழக்க வேண்டும். வளர்ந்ததை அவிழ்த்து நடத்திக் கூட்டிப்போக வேண்டும். திடீரென்று குணம் மாறினால் எங்கேயாவது நோகிறதா என்று மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும். இதற்கெல்லாம் மாதக்கணக்கில் பொறுமை வேண்டும். அரைப்பக்கம் வாங்கி இதை விற்க யாரும் வரமாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல.

உங்கள் பத்திரிகைக்கு இது புதிதுமல்ல. வழுக்கையில் முடி வளர்க்கும் எண்ணெயும், நீரிழிவை ஓட்டும் வேர்ச்சாறும் இதே பக்கத்தில் இதே எழுத்தில்தான் வந்தன. மான்கள் குப்பையில் பொலித்தீன் தின்பதைப் பற்றி நான் அனுப்பிய கடிதம் மட்டும் இரண்டு வரியாகச் சுருங்கியது. பக்கத்தில் அழகான மான் படம் ஒன்று போட்டிருந்தீர்கள், நன்றி.

விசர்நாய்த் தடுப்பூசி விடயத்திலும் இதே கதைதான். சுகாதாரப் பிரிவினர் இலவசமாகப் போடுகிறார்கள். எங்கள் வட்டாரத்துக்கு வந்துபோன செய்தியை, அதிதிகள் வரிசையாக நிற்கும் படத்தோடு, அடுத்த வாரம் உங்கள் பத்திரிகையில்தான் அறிந்தேன். எங்கள் வீட்டு நாய்க்குப் பிறகு காசு கொடுத்துப் போட்டோம்.

ஆகவே, காசு வாங்கிப் போடும் பக்கத்தின் மேலே ‘விளம்பரம்’ என்று, கண்ணாடி போடாமல் வாசிக்கக்கூடிய எழுத்தில் அச்சிடுங்கள். தடுப்பூசி போடும் நாளையும் இடத்தையும் முந்திய ஞாயிறே வெளியிடுங்கள். இடம் போதாவிட்டால் அதிதிகளின் படத்தைச் சிறிதாக்கலாம்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகி,
திருகோணமலை