‘தோற்றவர்கள்’ என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

புற்றுநோய் ஆராய்ச்சிக்கு நிதி திரட்ட நடந்த கோல்ஃப் போட்டியைப் பற்றி ஞாயிறு இதழில் அரைப் பக்கம் போட்டிருந்தீர்கள். அதில் ‘நோயோடு போராடித் தோற்றவர்களின் நினைவாக’ என்று ஒரு வரி. அதோடு பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். மீதியைச் சாயங்காலம்தான் படிக்க முடிந்தது.

என் அக்கா மார்பகப் புற்றுநோயில் போனாள். கடைசி ஒன்றரை வருஷம் ஒரு புது மருந்தின் மூன்றாம் கட்டப் பரிசோதனையில் சேர்ந்திருந்தாள். தனக்குக் கொடுப்பது புது மருந்தா வழக்கமான மருந்தா என்று அவளுக்கும் தெரியாது, டாக்டருக்கும் தெரியாது. கோடு போட்ட நோட்டில் மாத்திரை விழுங்கிய மணி, எத்தனை தடவை வாந்தி, எந்தக் கையில் விரல் மரத்தது என்று எல்லாம் எழுதுவாள். கடைசிப் பக்கங்களில் எழுத்து கோட்டை விட்டுக் கீழே இறங்கியிருக்கிறது. ஆனால் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. “எனக்குக் கேக்காட்டியும் பின்னால வர்றவளுக்கு இந்த மருந்து கேக்கும்” என்பாள். நீங்கள் நிதி திரட்டியதாக எழுதிய ஆராய்ச்சி இதுதான், ஐயா. அவளையா தோற்றவள் என்கிறீர்கள்?

கோல்ஃப் பற்றி எழுதுகிறவருக்கு அமெரிக்க வீராங்கனை பேப் சஹாரியாஸைத் தெரியாமல் இருக்காது. 1953இல் பெருங்குடல் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை. மறு வருஷமே, மலம் சேர வயிற்றில் பொருத்திய பையோடு ஆடி, அமெரிக்க மகளிர் ஓபன் போட்டியை 12 ஸ்ட்ரோக் (அடி) வித்தியாசத்தில் ஜெயித்தார். 1956இல் அதே நோயில் இறந்தார், 45 வயதில். அவரும் தோற்றவரா?

இரண்டு வருஷம் முன்பு ‘ஊழல் எனும் புற்றுநோய்’ என்று தலைப்புப் போட்டபோதும் எழுதினேன். அக்கா அப்போது சிகிச்சையில் இருந்தாள், அந்தத் தலைப்பை அவளும் படித்தாள். என் கடிதம் வெளிவரவில்லை, பதிலும் இல்லை. சரி, இடமில்லாமல் போயிருக்கும் என்று இருந்துவிட்டேன்.

இந்தத் தடவை யார் யார் வந்தார்கள், யாருக்குக் கோப்பை, ஒரே அடியில் பந்தைக் குழிக்குள் போட்டால் (ஹோல் இன் ஒன்) என்ன கார், எல்லாம் இருக்கிறது. பெரிய அட்டைக் காசோலையோடு படமும் இருக்கிறது. செலவு போக மிஞ்சியது எவ்வளவு, எந்த ஆராய்ச்சிக்குப் போகிறது என்பது மட்டும் இல்லை. இப்படியொரு போட்டியில் பதிவு மேசையில் நானே உட்கார்ந்திருக்கிறேன். மைதான வாடகை, பேட்டரி வண்டி, சாப்பாடு, டி ஷர்ட், கார் பரிசுக்கான இன்சூரன்ஸ் பிரீமியம் என்று வரிசையாகப் போகும். முடிந்ததும் கணக்குக் கேட்டேன். “அப்புறம் தருகிறோம்” என்றார்கள். இன்றுவரை வரவில்லை. ஆட வந்தவர்களை நான் குறை சொல்லவில்லை. வீட்டில் ஒருவரைப் பறிகொடுத்துவிட்டு வந்தவர்கள் அங்கே எத்தனையோ பேர். அவர்கள் கொடுத்த பணம் எங்கே போனது என்று அவர்களுக்காவது தெரிய வேண்டாமா?

அடுத்த போட்டியைப் பற்றி எழுதும்போது வசூல், செலவு, கொடுத்த தொகை, எந்த ஆராய்ச்சிக்கு என்பதையும் கேட்டுப் போடுங்கள். நான்கு வரி போதும். ‘தோற்றவர்கள்’ என்ற இடத்தில் ‘இறந்தவர்கள்’ என்று போடுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்