மெயின் லைனில் மெலிந்த நியூட்ரல் வயர்: புகார்

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கட்டுமான நிறுவனம்.

பொருள்: த்ரீ பேஸ் மெயின் லைனின் நியூட்ரல் வயரை மாற்றித் தரவும் இழப்பீடு கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

நீங்கள் கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடியில் இருக்கிறோம். போன மாதம் ஒரு நாள் இரவுச் சமையல் நேரத்தில் ஹால் விளக்குகள் திடீரென்று கண் கூசும்படி எரிந்தன, ஃபேன் தறிகெட்டுச் சுற்றியது. மெயினை அணைப்பதற்குள் ஃப்ரிட்ஜும் டிவியும் போய்விட்டன. கரண்ட் அளவு மீறினால் தானாக அணையும் எம்சிபி சுவிட்ச் ஒன்றுகூட விழவில்லை.

மீட்டர் வரைக்கும் சப்ளை சரியாக இருப்பதாக மின்வாரிய ஊழியர் பார்த்துச் சொன்னார். அப்புறம் எங்கள் எலக்ட்ரீஷியன், வீட்டுக்குள் கரண்டைப் பிரித்துக் கொடுக்கும் டிபி பாக்ஸைத் திறந்தார். மீட்டரிலிருந்து வரும் மூன்று பேஸ் வயர்களும் 10 ஸ்கொயர் எம்எம் செம்பு. கரண்ட் திரும்பிப் போகும் நியூட்ரல் வயர் மட்டும் 4 ஸ்கொயர். அதன் முனை கருகி, இணைப்பு விட்டிருந்தது.

உங்கள் சைட் இன்ஜினியரிடம் கேட்டால், "நியூட்ரலில் மிச்ச கரண்ட்தான் சார் வரும், சின்ன வயர் போதும்" என்கிறார். மூன்று பேஸிலும் லோடு சமமாக இருந்தால் மூன்றின் கரண்டும் நியூட்ரலில் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும், அப்போது அது சரி. வீட்டில் எப்போது சமமாக இருக்கிறது? இரண்டு ஏசி, கீசர், இண்டக்‌ஷன் அடுப்பு எல்லாவற்றையும் உங்கள் ஆட்கள் ஒரே பேஸில் கொடுத்திருக்கிறார்கள். மற்ற இரண்டிலும் லோடு குறைவாக இருக்கும்போது அந்தக் கரண்ட் ஏறக்குறைய முழுவதும் நியூட்ரல் வழியாகத்தான் திரும்பும். பேஸில் இருப்பது 40 ஆம்பியர் எம்சிபி. பைப்புக்குள் ஓடும் 4 ஸ்கொயர் வயர் 40 ஆம்பியரைத் தாங்காது. நியூட்ரலுக்கென்று தனியாக ஃப்யூஸ் போடவும் கூடாது, அதனால் வயரே தாங்கும்படி இருந்தாக வேண்டும். போதாததற்கு எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர் ஏசி, கம்ப்யூட்டர் போன்றவை உண்டாக்கும் மூன்றாம் ஹார்மோனிக் கரண்ட் (சப்ளையைவிட மூன்று மடங்கு வேகமாக அலையும் கரண்ட்), லோடு சமமாக இருந்தாலும் நியூட்ரலில் கழியாது. மூன்று பேஸிலிருந்தும் வந்து கூடும்.

வயரிங்குக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 732 இதைத் தெளிவாகவே சொல்கிறது. செம்பு பேஸ் வயர் 16 ஸ்கொயர் வரை இருந்தால் நியூட்ரலும் அதே அளவு இருக்க வேண்டும். அதற்கு மேல் போனால்தான், அதுவும் நிபந்தனைகளோடு, குறைக்கலாம்.

நியூட்ரல் விட்டால் என்ன ஆகும் என்பது உங்கள் இன்ஜினியருக்குத் தெரியாததல்ல. இரண்டு பேஸ்களுக்கு இடையே உள்ள 400 வோல்ட், லோடு குறைந்த பக்கம் அதிகமாக ஏறும். எங்கள் ஃப்ரிட்ஜும் டிவியும் அந்தப் பக்கம்தான் இருந்தன. பொருள் போனது ஒருபுறம். சுவருக்குள் அந்த வயர் சூடேறிக்கொண்டிருந்ததை நினைத்தால்தான் பதறுகிறது. பிள்ளைகள் தூங்குகிற வீடு ஐயா.

பேஸ் வயருக்குச் சமமான 10 ஸ்கொயர் நியூட்ரலை உங்கள் செலவில் மாற்றித் தாருங்கள். பழைய பைப்பில் இடம் போதாவிட்டால் புது பைப் போடுங்கள். நடுவில் ஜாயின்ட் வேண்டாம். லோடையும் மூன்று பேஸிலும் பிரித்துக் கொடுங்கள். ஃப்ரிட்ஜ், டிவி பழுதுக்கான பில்களையும் கருகிய வயரின் படங்களையும் இணைத்திருக்கிறேன். அந்தத் தொகையையும் தர வேண்டும்.

மற்ற வீடுகளுக்கும் இதே ஆட்கள்தான் வயரிங் செய்தார்கள். கீழ்த்தளத்தில் வயதான தம்பதி தனியாக இருக்கிறார்கள். எல்லா வீட்டு டிபியையும் திறந்து பார்த்து, எழுத்தில் அறிக்கை கொடுங்கள். 15 நாட்களுக்குள் வேலை தொடங்காவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனு கொடுப்பேன்.

இப்படிக்கு,
வீட்டு உரிமையாளர், இரண்டாவது மாடி