ஃபால்ஸ் சீலிங் மூடுமுன் நெட்வொர்க் கேபிளைச் சோதியுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

புதுக் கட்டடத்தில் இணையம் மந்தமானால் முதலில் திட்டு வாங்குவது இணைய நிறுவனம், அடுத்து வைஃபை ரவுட்டர். சுவருக்குள் ஓடும் கேபிளை யாரும் சந்தேகிப்பதில்லை. அது முழுதாகச் செத்துப்போனால் உடனே தெரிந்துவிடும். அரைகுறையாக உயிரோடு இருப்பதுதான் சிக்கல்.

ஜிகாபிட் (நொடிக்கு 1000 மெகாபிட்) வேகத்துக்கு, கேபிளுக்குள் ஜோடி ஜோடியாக முறுக்கியிருக்கும் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். 100 மெகாபிட்டுக்கு இரண்டு போதும். நீலம் அல்லது பழுப்பு ஜோடியில் ஒரு கம்பி அறுந்தால் பெரும்பாலும் இணைப்பு அறுவதில்லை, பத்தில் ஒரு பங்கு வேகத்துக்கு இறங்கிவிடும். இதையாவது விளக்கு எரியும் சின்ன டெஸ்டர் காட்டிக்கொடுக்கும். ஜோடி மாற்றிக் கோத்ததை அதுவும் காட்டாது. ஆரஞ்சு, பச்சை, நீலம், பழுப்பு என்று பார்வைக்கு ஒழுங்காக ஜோடி ஜோடியாக அடுக்கி இரு முனையிலும் பிளக்கில் அழுத்திப் பொருத்தினால் (கிரிம்ப்) எட்டு விளக்கும் வரிசையாக எரியும். ஆனால் பிளக்கின் 3, 6 ஆகிய பின்களில் சேரும் கம்பிகள் ஒரே முறுக்கு ஜோடியில் இருக்க வேண்டும். இங்கே அவை இரண்டு வெவ்வேறு ஜோடிகளில் போய்விடுகின்றன. ஒன்றின் சிக்னல் மற்றொன்றில் கசியும். ஜாக்கில் பொருத்தும்போது முறுக்கை 13 மில்லிமீட்டருக்கு மேல் பிரித்தாலும் இதே கோளாறு, சிறிய அளவில்.

அடுத்தது செம்புப் பூச்சு போட்ட அலுமினியக் கேபிள். பெட்டியில் 'கேட் 6' என்று தர வகையை அச்சிட்டிருந்தாலும் அது தரத்துக்கு உட்பட்டதல்ல. மின்தடை செம்பைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. பகலெல்லாம் ஓடும் பிஓஇ கேமரா (நெட்வொர்க் கேபிள் வழியாகவே மின்சாரமும் பெறுவது), இரவில் அகச்சிவப்பு விளக்கு எரிந்ததும் அணைந்து அணைந்து வருகிறதா? நீளமான கேபிளின் கடைசியில் மின்னழுத்தம் போதாமல் இருக்கலாம். கம்பியை பிளேடால் லேசாகச் சுரண்டினால் போதும்: உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அலுமினியம்.

எல்லாக் கேபிள்களும் வந்து சேரும் பேட்ச் பேனலிலிருந்து சுவர் ஜாக் வரை 90 மீட்டர், இருபுறமும் கருவிகளை இணைக்கும் பேட்ச் கார்டுகளுக்கும் (சிறு கேபிள்கள்) சேர்த்து 10 மீட்டர்; இதுதான் எல்லை. மின்சார வயரோடு ஒரே குழாயில் விடக் கூடாது. குறுக்கிட நேர்ந்தால் செங்குத்தாகக் கடக்கட்டும். வளைவின் ஆரம் கேபிள் விட்டத்தைப்போல் நான்கு மடங்காவது இருக்க வேண்டும். நைலான் டையை நசுங்க இறுக்குவதை விட்டு வெல்க்ரோ பட்டையால் கட்டலாம்.

கட்டட உரிமையாளர்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்க்க வேண்டும்: ஒவ்வொரு ஜாக்குக்கும், கேபிள் தரத்துக்கு உட்பட்டதா என்று அளந்து சொல்லும் சர்ட்டிஃபையர் கருவியில் எடுத்த அறிக்கை, நீளம், சிக்னல் இழப்பு, ஜோடிகளுக்கிடையேயான கசிவு ஆகிய அளவுகளோடு, சீலிங் மூடுமுன் கைக்கு வர வேண்டும், கடைசித் தவணை அதன் பிறகே. அறிக்கையிலுள்ள எண்ணே ஜாக்கிலும் பேட்ச் பேனலிலும் ஒட்டியிருக்கிறதா என்று நான்கைந்து இடங்களில் நேரில் ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்படிக்கு,
நெட்வொர்க் கேபிள் பணியாளர் ஒருவர்