சித்தப்பாவுக்கு, தனுஷ்கோடி கடையிலிருந்து

அன்புள்ள சித்தப்பா,

அக்னி தீர்த்தத்தில் அப்பாவுக்குத் திதி கொடுத்துவிட்டு நேரே கடைக்கு வந்து, சிகரெட் அடுக்கும் கண்ணாடிப் பெட்டியைக் கழற்றி இறக்கிவிட்டேன். இனி நம் கடையில் சிகரெட், பீடி, தீப்பெட்டி எதுவும் கிடையாது. உங்களை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் என்று சித்தி சொன்னார். கேட்டிருந்தால் நீங்கள் வேண்டாம் என்றிருப்பீர்கள், உங்கள் முகத்துக்காக நானும் சரி என்றிருப்பேன். அதனால்தான் கேட்கவில்லை. உங்கள் மனம் நொந்ததற்காக வருந்துகிறேன். பெட்டியை எடுத்ததற்காக அல்ல.

போனை எடுக்க மாட்டேன் என்கிறீர்கள். இப்படிப் பொதுவில் எழுதினால் தங்கச்சி உங்களுக்குப் படித்துக் காட்டுவாள். ஊர்க்காரர்களும் படிப்பார்கள் என்பது தெரியும். ஆகவே மதுரையில் டாக்டர் நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னதை இங்கே எழுதப் போவதில்லை. அது நமக்குள்ளேயே இருக்கட்டும்.

வேறொன்றைக் கேட்க வேண்டும். 2017-ல் அரிச்சல்முனை வரை சாலை திறந்து, வேன் வேனாகக் கூட்டம் வரத் தொடங்கியிருந்த சமயம். கச்சான் காற்று ஓய்ந்திருந்த ஒரு விடியற்காலையில் அப்பா கடைக்கு முன்னால் குத்தவைத்து, மணலைக் கையால் அளைந்து சிகரெட் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். விளக்குமாற்றால் கூட்டினால் உள்ளே புதைந்துவிடும் என்பார். பக்கத்தில் பால்மாவு டப்பா. இதையெல்லாம் பொறுக்கி என்னப்பா ஆகப்போகிறது என்றேன். ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். பனியில் ஊறி உப்பியிருந்தது. தாள் கழன்று வந்தது. ஒரு முனை பழுப்பு, உள்ளே வெள்ளை இழை. அதைப் பிடித்து இழுத்தார், நீண்டதே தவிர அறவில்லை. "இது மக்காதுடா, கடலுக்குத்தான் போகும்" என்றார்.

நீங்கள் கவிழ்த்துப் போட்ட வள்ளத்தின் மேல் உட்கார்ந்திருந்தீர்கள். பிடித்து முடித்துச் சுண்டினீர்கள். அது அப்பா சுத்தம் செய்த இடத்திலேயே வந்து விழுந்தது. அப்பா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. எடுத்து, ஈர மணலில் அணைத்து, டப்பாவில் போட்டார். நான் உங்களைப் பார்த்தேன், நீங்கள் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். அவர் எடுத்ததைப் பார்த்தீர்களா, சித்தப்பா? இத்தனை நாள் கேட்க வாய் வரவில்லை.

நெஞ்சு அடைக்கிறது என்று பீடியை விட்டு பில்டர் சிகரெட்டுக்கு மாறியபோது, "பஞ்சு எல்லாத்தையும் பிடிச்சிரும், பயமில்லை" என்று சொன்னீர்கள். உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள். அந்த இழை செல்லுலோஸ் அசிடேட், ஒருவகை பிளாஸ்டிக். கார்பன் மோனாக்சைடு அதைத் தாண்டித்தான் உங்கள் ரத்தத்துக்குப் போகிறது. புகை இலேசாகத் தெரிவதால் இன்னும் ஆழமாக இழுக்கிறீர்கள். நெஞ்சைக் காப்பாற்றாத அந்த பில்டர்தான் நம் மணலில் வருடக்கணக்கில் கிடந்து இழை இழையாகப் பிரிகிறது. 2011-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பிடித்துப் போட்ட ஒரே ஒரு துண்டு ஊறிய ஒரு லிட்டர் தண்ணீரில் விட்ட மீன்களில் பாதி செத்துப்போயின. நமக்கு ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. எந்தப் பக்கம் காற்றடித்தாலும் துண்டு கடலில்தான் விழும். ஆவுளியா என்று நாம் சொல்லும் கடல்பசு மேயும் கடல்புல் இந்தக் கடலில்தான் இருக்கிறது. 2025-ல் தனுஷ்கோடியைப் பூநாரைச் சரணாலயமாக அறிவித்திருக்கிறார்கள். அந்தப் பறவைகள் அலகைச் சேற்றில் விட்டு அலசித்தான் இரை தேடுகின்றன.

அப்பா ஒருநாளும் புகைத்தவரில்லை. மழைக்காலத்தில் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு அந்தச் சின்னக் கடைக்குள் நீங்கள் இருவரும் உட்கார்ந்திருப்பீர்கள், புகை வெளியே போக வழியிருக்காது. பிறர் விட்ட புகையாலேயே ஆண்டுக்கு 10 லட்சத்துக்கும் மேலானோர் சாகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். இதற்கு மேல் இங்கே எழுத மாட்டேன்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் துண்டை விரித்துப் படுத்து அப்பாவைப் பார்த்துக்கொண்டது நீங்கள்தான். மகன் நான் செய்ய வேண்டியதையும் சேர்த்து நீங்கள் செய்தீர்கள், அதை மறந்தால் எனக்குச் சோறு இறங்காது. ஆனால் நடுநடுவே வாசலுக்குப் போய் ஒன்றைப் பற்றவைத்துவிட்டு, அதே வாடையோடு வந்து அவர் தலைமாட்டில் உட்கார்ந்தீர்களே, அதையும் என்னால் மறக்க முடியவில்லை. மூச்சுக்குத் திணறியவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார், உங்களை ஒன்றும் சொல்ல மாட்டார். எனக்குக் கோபம் கோபமாக வரும்.

வியாபாரம் அடிபடும். சிகரெட்டுக்கு நிற்கிறவர்தான் டீயும் வடையும் வாங்குகிறார் என்பது எனக்கும் தெரியும். வறுத்த மீனும் நன்னாரி சர்பத்தும் வைத்துப் பார்க்கிறேன். உங்கள் பங்கில் ஒரு ரூபாய் குறையாது, குறைவதை என் பங்கில் கழித்துக்கொள்கிறேன். அண்ணன் மகன் என் பிழைப்பில் மண்ணைப் போட்டான் என்று கூட்டாளிகளிடம் சொல்கிறீர்களாம், அதை மட்டும் சொல்லாதீர்கள்.

புகையை விட உதவும் அரசு எண் 1800112356, கட்டணம் கிடையாது. தங்கச்சி போட்டுக் கொடுப்பாள். நிறுத்தி ஒரு வருடம் ஆனால், தொடர்ந்து பிடிப்பவருக்கு இருக்கும் மாரடைப்பு அபாயத்தில் சுமார் பாதி குறைந்துவிடும். உங்கள் வயதுக்கும் பலன் உண்டு. எனக்கு இப்போது தகப்பன் என்று இருப்பது நீங்கள் மட்டும்தான்.

மாதக் கணக்கை 5-ஆம் தேதி எழுதி வைக்கிறேன். தங்கச்சியை அனுப்பாமல் நீங்களே வந்து வாங்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் அண்ணன் மகன்