கோடு நேராக இல்லை என்று சொன்னவளுக்கு

அன்புள்ள பாப்பா,

உன் காரின் ஆயில் பம்பையும் டைமிங் பெல்ட்டையும் நீயே மாற்றப் போவதாக நேற்று போனில் சொன்னாய். "சரி, பார்த்துச் செய்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். ராத்திரி தூக்கம் வரவில்லை. உனக்குச் சொல்ல வேண்டியது நிறைய இருக்கிறது. அதில் ஒன்று இருபது வருடமாகச் சொல்லாமல் வைத்திருப்பது. போனில் அது வாயில் வராது, அதனால்தான் கடிதம்.

முதலில் வண்டி. ஐடிலில், அதாவது வண்டி நின்றபடி எஞ்சின் சும்மா ஓடும்போது, ஆயில் லைட் மினுக்குகிறது, அதனால் பம்ப் போய்விட்டது என்கிறாய். எப்படித் தெரியும்? அந்த லைட்டை எரிய வைப்பது ஒரு சின்ன சுவிட்ச். அதுவே கெட்டுப் போயிருக்கலாம். அதைக் கழற்றிவிட்டு அதே ஓட்டையில் ஒரு பிரஷர் கேஜைத் திருகி, எஞ்சின் நன்றாகச் சூடான பிறகு பார். எவ்வளவு காட்ட வேண்டும் என்பது மேனுவலில் இருக்கும். 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ என்பது மெக்கானிக்குகளின் வாய்க்கணக்கு. கேஜும் குறைவாகக் காட்டினால்கூடப் பழியை உடனே பம்ப் மேல் போடாதே. பம்ப் செய்வதெல்லாம் ஆயிலைத் தள்ளுவது மட்டும்தான். அது போகிற வழி குறுகலாக இருப்பதால்தான் பிரஷர் ஏறுகிறது. பேரிங் தேய்ந்து இடைவெளி பெரிதாகிவிட்டால், புதுப் பம்ப் போட்டாலும் ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றிய கதைதான். வடித்த ஆயிலை வெயிலில் வைத்துப் பார். செம்பு நிறத்தில் பொடி மின்னினால் வேலையை நிறுத்திவிட்டு என்னைக் கூப்பிடு. எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கும் தொட்டியான சம்ப்பைக் கழற்றினால், அங்கே ஆயிலை வடிகட்டும் ஸ்ட்ரெய்னரையும் பார்த்துவிடு. அதன் வலை அடைத்திருந்தால் நல்ல பம்ப்கூட மூச்சுத் திணறும்.

சரி, பம்ப்தான் என்று உறுதியாகிவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். நீ அனுப்பிய படத்தின்படி அது டைமிங் பெல்ட்டுக்குப் பின்னால், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க்கின் மூக்கிலேயே உட்கார்ந்திருக்கிறது. பெல்ட்டைக் கழற்றாமல் அதைத் தொட முடியாது. ஆகவே பெல்ட், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர், அதற்கு வழிகாட்டும் உருளையான ஐட்லர், கிராங்க் சீல், வால்வுகளைத் திறக்கும் தண்டான கேமின் சீல் எல்லாமே புதிது. வாட்டர் பம்பும் அந்த பெல்ட்டிலேயே ஓடினால் அதையும் மாற்றிவிடு. பழைய சீலை விட்டுவைத்து, அது கசிந்து ஆயில் பட்டால் புது பெல்ட்டின் ரப்பர் ஊறிப் போய்விடும்.

ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் போகாதே. ஸ்டாண்ட் வை, வைத்த பிறகு ஆட்டிப் பார். பேட்டரியின் நெகட்டிவ் வயரைக் கழற்று. இன்னொன்று, பலர் கோட்டை விடும் இடம். பெல்ட் பக்கத்தில் எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டைக் கழற்ற வேண்டுமானால், சம்ப்புக்கு அடியில் மரக்கட்டை வைத்து ஜாக்கியால் தாங்கச் சொல்வார்கள். உனக்கோ சம்ப்பே கழல வேண்டும். எஞ்சினை மேலிருந்து தாங்கும் குறுக்குக் கம்பி ஒன்றை முதலிலேயே ஏற்பாடு செய்துகொள். பாதி வேலையில் இது உறைத்தால் அழுகைதான் வரும்.

கிராங்க் புல்லி போல்ட் உன்னைத் திட்ட வைக்கும். நீளமான பைப், புல்லியைப் பிடிக்கும் டூல், பொறுமை, இவ்வளவுதான் வழி. ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டு அதை லூஸ் பண்ணும் வித்தையை எவனாவது சொல்லிக் கொடுத்தால் காதில் போட்டுக்கொள்ளாதே. கையும் போகும், வண்டியும் போகும்.

பெல்ட்டைக் கழற்றும் முன் முதல் சிலிண்டரின் பிஸ்டனை டாப்புக்கு, அதாவது உச்சிக்குக் கொண்டுவந்து, கேம் குறி, கிராங்க் குறி இரண்டையும் அதனதன் எதிரே இருக்கும் குறிக்கு நேராக நிறுத்து. கிராங்க் குறியை வெளிப் புல்லியில் பார்க்காதே, உள்ளே இருக்கும் பல் சக்கரத்தில் பார். வெளிப் புல்லியின் நடுவே ரப்பர் இருக்கும், பழசானால் அது நழுவிப் பொய்க் குறி காட்டும்.

பம்ப் வேலையில் இரண்டு விஷயம். கசிவை அடைக்கும் சீலன்ட் பசையை நூல் மாதிரி மெல்லிசாகப் போடு. அதிகம் போட்டால் நல்லது என்று நினைக்கிற சாதி நம்முடையது. உள்பக்கம் பிதுங்கியது பிய்ந்து விழுந்து நேராக ஸ்ட்ரெய்னரில்தான் போய் ஒட்டும். இன்னொன்று, பம்பைக் காய்ந்தபடி மாட்டாதே. உள்ளே ஆயில் விட்டுக் கையால் சுற்றி, பல்லெல்லாம் நனைந்த பிறகு மாட்டு. உறிஞ்சு குழாயின் ஓ-ரிங் புதிதாக இருக்கட்டும். அங்கே காற்று புகுந்தால் பம்ப் ஆயிலை விட்டுவிட்டுக் காற்றைக் குடிக்கும். பம்பைப் பிடிக்கும் சின்ன போல்ட்டுகளின் இறுக்கம் பல வண்டிகளில் 10 நியூட்டன் மீட்டர் அளவுதான், கிராங்க் போல்ட் அதைப் போலப் பத்து மடங்குக்கும் மேல். கைக்கணக்கு வேண்டாம். உன் அப்பா கைக்கணக்கில் அலுமினியத்தின் மரையைத் தின்றுவிட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்திருந்தவன். இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வாங்கு.

இனி பெல்ட். அதை மடக்காதே, முறுக்காதே. கிராங்கில் தொடங்கிச் சுற்றிக்கொண்டு வா. தொய்வு முழுக்க டென்ஷனர் பக்கம் வந்து சேர வேண்டும். டென்ஷனரை மேனுவல் சொல்கிறபடி வைத்துவிட்டு, சாவியைத் தொடாமல், கிராங்கை ரெஞ்சால் கையாலேயே, அது ஓடும் திசையில் இரண்டு முழுச் சுற்று சுற்று. கிராங்க் இரண்டு சுற்று சுற்றினால்தான் கேம் ஒரு சுற்று சுற்றும். அதனால் இரண்டாவது சுற்றின் முடிவில் எல்லாக் குறியும் பழைய இடத்துக்கு வர வேண்டும். நடுவில் எங்காவது கெட்டியாக முட்டினால் நிறுத்து. பெல்ட் தப்பாக ஏறியிருந்தால் வால்வு பிஸ்டனில் முட்டுவது அப்படித்தான் கைக்குத் தெரியும். கையால் சுற்றும்போது முட்டினால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. சாவியைத் திருப்பி முட்டவிட்டால் வால்வு வளைந்துவிடும்.

இது எனக்கு எப்படித் தெரியும் என்று நீ கேட்டதில்லை. நம் பழைய வண்டியின் பெல்ட்டை நான் மாற்றிய நாள் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? உனக்கு ஒன்பது வயது. டார்ச் பிடித்துக்கொண்டு நின்றாய். நான் டென்ஷனரை இறுக்கி முடித்தபோது, "அப்பா, அந்தக் கோடு இந்தக் கோட்டுக்கு நேரா இல்லையே" என்றாய். நான் எரிச்சலில், "வெளிச்சத்தை ஒழுங்காப் பிடி" என்றேன். இருட்டிக்கொண்டிருந்தது, முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். இரண்டு சுற்று சுற்றிப் பார்க்கவில்லை. சாவியைத் திருப்பினேன். அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

பெல்ட் மூன்று பல் தள்ளி ஏறியிருந்தது. வால்வுகள் இருக்கும் ஹெட்டைக் கழற்றியபோது நான்கு வால்வு வளைந்திருந்தது. அம்மாவிடமும் உன்னிடமும், பெல்ட் மட்டமான பெல்ட், போட்டதுமே வழுக்கிவிட்டது என்று சொன்னேன். நீ நம்பினாய். பல வருடம் கழித்து, பெல்ட் வாங்கும்போது பார்த்து வாங்க வேண்டும் என்று யாரிடமோ நீ அந்தக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்ததைக் கேட்டேன். அப்போதும் வாயைத் திறக்கவில்லை. அந்த பெல்ட்டில் ஒரு குற்றமும் இல்லை பாப்பா.

மீதி வேலை சுலபம். சீலன்ட் டியூபில் போட்டிருக்கும் நேரம் வரை காயவிடு. புது ஃபில்டர், புது ஆயில். எஞ்சின் ஓடத் தொடங்காதபடி எரிபொருள் பம்பின் ஃப்யூஸை எடுத்துவிட்டுச் சில விநாடிகள் ஸ்டார்ட்டரைச் சுற்றவிடு. கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடி. கேஜில் முள் எழுந்த பிறகுதான் ஃப்யூஸைப் போட்டு ஸ்டார்ட் செய்ய வேண்டும். முள் எழவே இல்லை என்றால் ஸ்டார்ட் செய்யாதே, பம்ப் இன்னும் ஆயிலைப் பிடிக்கவில்லை. பழைய ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாமல் டப்பாவில் பிடித்து, சேகரிக்கிற இடத்தில் கொடுத்துவிடு.

கையால் இரண்டு சுற்று முடித்ததும் கேம் குறியையும் கிராங்க் குறியையும் படமெடுத்து எனக்கு அனுப்பு. ஆனால் என் பதிலுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. கோடு நேராக இல்லை என்று உனக்குத் தோன்றினால், அது நேராக இல்லைதான். பெல்ட்டைக் கழற்றி மறுபடி போடு.

அன்புடன்,
அப்பா